‘சமாளித்துக்கொள்கிறேன்’ என்பதற்குப் பதிலாக: குறைபாட்டுடன் வாழ்பவர் தமக்காகத் தாமே பேசப் பழகுவதற்கு ஒரு வழிகாட்டி

‘சமாளித்துக்கொள்கிறேன்’ என்ற சொல்லை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்த எனக்கு முன்வரிசையில் இடம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் அந்தச் சொல்தான் வாயில் வரும்; தொலைபேசியில் பேசுவது சிரமமாக இருக்கிறதா என்று கேட்டாலும் அதே சொல்தான். தன்மானமுள்ள பதில் என்றே அதை நினைத்திருந்தேன். ஒரு நாள் அலுவலகக் கூட்டத்தில், பேசியவர் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் அவருடைய முகம் இருண்டுவிட, உதடுகள் எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் தலையசைத்தபோது நானும் தலையசைத்தேன். அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் ஒரு வேலையை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள் என்பது, அது முடிந்திருக்க வேண்டிய நாள் கடந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வேலையில் அக்கறை இல்லாத ஆள் என்று மேலதிகாரி முடிவு செய்துவிட்டார். காது கேளாமையை நான் மறைத்து வைத்த இடத்தில், அலட்சியம் என்ற பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்மையில் விபத்தினாலோ நோயினாலோ உடலில் குறைபாடு ஏற்பட்டவர்களுக்கும், பிறவியிலிருந்தே குறைபாட்டுடன் வளர்ந்து இப்போதுதான் வீட்டாரின் துணையின்றிக் கல்லூரிக்கோ வேலைக்கோ மருத்துவமனைக்கோ செல்லத் தொடங்கியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உலகில் ஆறு பேரில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க அளவில் ஏதேனும் ஒரு குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அப்படியிருந்தும், தனக்கு வேண்டியதைக் கேட்பது எப்படி என்பதை நம்மில் பெரும்பாலோருக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பொறுத்துப்போவதற்கு மட்டும் நன்றாகவே பழக்கிவிடுகிறார்கள்.

கேட்பதற்கு முன்: இரண்டு வாரக் குறிப்பேடு

தமக்காகப் பேசுவது என்றால் துணிச்சலாகப் பேசுவது என்று பலர் எண்ணுகிறார்கள். துணிச்சல் பிறகு வரும். முதலில் வேண்டியது, எனக்கு என்ன தேவை என்பதை நானே அறிந்திருப்பது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், இந்த வழிகாட்டியில் உள்ளவற்றுள் மிகக் கடினமானது இதுதான். பல ஆண்டுகளாகச் சமாளித்துவந்த ஒருவருக்குத் தன்னுடைய சமாளிப்புகள் கண்ணில் படுவதில்லை. அவை பழக்கமாகவும் குணமாகவும் மாறிப்போயிருக்கும். ‘எனக்குக் கூட்டம் பிடிக்காது’ என்று நான் சொல்லிவந்தேன். எனக்குக் கூட்டம் பிடிக்கும். ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசினால் ஒருவர் பேசுவதும் புரியாது என்பதுதான் உண்மை.

ஆகவே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, அல்லது கைபேசியில் குரலைப் பதிவு செய்துகொண்டு, இரண்டு வாரங்களுக்கு நான்கு செய்திகளை மட்டும் குறித்துவாருங்கள். என்ன செய்ய முயன்றேன்? எந்த இடத்தில் தடைப்பட்டது? அப்போது எப்படிச் சமாளித்தேன்? அந்தச் சமாளிப்பினால் எனக்கு என்ன செலவாயிற்று? செலவு என்பது பணம் மட்டுமன்று. நேரம், வலி, களைப்பு, இரவில் தூங்க முடியாமல் போவது, ஓர் அழைப்பைத் தவிர்த்துவிடுவது எல்லாம் செலவுதான்.

சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் தோழி ஒருவர் இப்படி எழுதத் தொடங்கிய நான்காம் நாளில், வேலை நாட்களில் தாம் காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்தார். பணியிடத்துக் கழிப்பறையின் கதவு அவருடைய நாற்காலியின் அகலத்தைவிடக் குறுகலானது. தண்ணீர் குடிக்காமல் இருப்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. தமக்குத் தாமேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. ‘எனக்குத் தாகமே எடுப்பதில்லை’ என்றே நினைத்திருந்தார். அடிக்கடி வந்த சிறுநீர்த் தொற்றையும் அந்தக் கதவையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான், மாற வேண்டியது கதவு என்பது அவருக்குப் புலப்பட்டது.

என் குறிப்பேட்டில் கிடைத்தது வேறு. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு ‘பணம்’ என்பதும் ‘மணம்’ என்பதும் ஒன்றுபோலவே தெரியும். ‘பாலை’, ‘மாலை’ என்பனவும் அப்படியே. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடுகள் ஒரே விதமாகத்தான் மூடித் திறக்கின்றன. எஞ்சியதைச் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம். பெயர்களுக்கும் எண்களுக்கும் தேதிகளுக்கும் ஊகிக்கச் சூழல் இல்லை. நான் தவறவிட்டவை பெரும்பாலும் அவைதான் என்பது, பத்து நாள் குறிப்புகளை வரிசையாகப் படித்தபோது தெரிந்தது. அதுவரை மற்றவர்களிடம் நான் கேட்டுவந்தது ‘சற்று உரக்கப் பேசுங்கள்’ என்பதைத்தான். உரக்கப் பேசினால் வாயின் வடிவம் சிதைந்து இன்னும் புரியாமல் போகும். எனக்குத் தேவைப்பட்டவை, பேசுபவரின் முகத்தில் வெளிச்சமும், பெயர்களும் எண்களும் எழுத்தில் கிடைப்பதும். இருபது ஆண்டுகளாகத் தவறான ஒன்றையே கேட்டுவந்திருக்கிறேன்.

இரண்டு வாரங்கள் முடிந்தபின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு தடையின் அருகிலும் அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். சில தடைகள் உடலில் இருக்கும். வலி, மூட்டு இறுக்கம், வலிப்பு போன்றவற்றுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மிகுதியானவை இடத்திலும் நேரத்திலும் படிவத்திலும் பழக்கத்திலும் இருப்பதைக் காண்பீர்கள்: படிக்கட்டு, சிறிய எழுத்து, பெயரிடப்படாத பொத்தான்களை ‘பொத்தான், பொத்தான்’ என்று மட்டும் திரைவாசிப்பான் (பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) படித்துச் செல்லும் இணையச் செயலி, இடைவேளையே இல்லாத மூன்று மணி நேர வகுப்பு. உடலில் உள்ள குறை ஒன்று, சமூகம் அதன்மேல் சுமத்தும் முடக்கம் வேறு என்ற பிரிப்பை 1970களில் பிரிட்டனில் இருந்த உடற்குறையுள்ள செயற்பாட்டாளர்கள் தெளிவாக வகுத்துச் சொன்னார்கள். தத்துவமாக அதைப் படிப்பதைவிட, நம்முடைய குறிப்பேட்டிலேயே கண்டுகொள்வது மனத்தில் ஆழமாகப் பதியும். தடை கதவில் இருக்கிறது என்று கண்டவர் கதவைப் பற்றிப் பேசுவார். அவர் தம் உடலுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கோரிக்கையைச் சொற்களாக்குதல்

இனி, குறிப்பேட்டிலிருந்து ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். மிகப் பெரிய இடரை முதலில் எடுக்க வேண்டாம். பிறர் அதிகம் சிரமப்படாமல் செய்துகொடுக்கக் கூடியதும், உங்களுக்கு நாள்தோறும் பயன்படுவதுமான ஒன்றை எடுங்கள். முதற்கோரிக்கை நிறைவேறினால், கேட்கலாம் என்ற நம்பிக்கை உள்ளே ஊன்றிவிடும்.

கோரிக்கையில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: நான் செய்ய வேண்டிய செயல், அதற்குள்ள தடை, அதை நீக்கும் ஏற்பாடு. ‘எனக்கு உடம்பு சரியில்லாததால் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்’ என்று சொன்னால், கேட்பவர் இரக்கப்படுவார். ஆனால் எதைச் செய்வது என்று அவருக்குத் தெரியாது. ‘மாதாந்திர அறிக்கையை நான்தான் தயாரிக்கிறேன். தரவுகள் படமாக அனுப்பப்படுவதால் என் திரைவாசிப்பானால் அவற்றைப் படிக்க முடியவில்லை. அவற்றையே விரிதாளாக அனுப்பினால் அன்றைக்கே முடித்துவிடுவேன்’ என்று சொன்னால், அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு செயல். அதைச் செய்வதற்கான காரணமும் அதே பேச்சில் இருக்கிறது.

மன்னிப்புடன் தொடங்காதீர்கள். ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’, ‘முடிந்தால் மட்டும்’, ‘இல்லையென்றாலும் பரவாயில்லை’ ஆகிய மூன்றையும் நான் ஒரே வாக்கியத்தில் சொன்னதுண்டு. கேட்டவர் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை, பரவாயில்லை என்று சொன்னவர் நான்தானே. பணிவாகப் பேசுங்கள், பணிவுக்கு ‘தயவுசெய்து’, ‘நன்றி’ என்ற இரண்டு சொற்கள் போதும். பரவாயில்லை என்று உண்மையாகவே எண்ணாதபோது பரவாயில்லை என்று சொல்லாதீர்கள்.

உங்கள் நோயின் பெயரையும் வரலாற்றையும் சொல்ல வேண்டுமா என்பது புதியவர்களை மிகவும் உறுத்தும் கேள்வி. என் தீர்ப்பு இது: ஏற்பாட்டைச் செய்வதற்கு எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள். ‘தொடர்ந்து இருபது நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியாது, உட்கார்ந்து செய்ய ஓர் உயரமான இருக்கை வேண்டும்’ என்பதில் நோயின் பெயரே இல்லை. சான்றிதழ் கேட்கும் உரிமை உள்ள அலுவலகம் கேட்டால் கொடுக்கலாம். பக்கத்து மேசைக்காரர் ஆர்வத்தில் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள், நீண்டகால வலி, மனநலச் சிக்கல், கற்றல் குறைபாடு போன்றவற்றுடன் வாழ்பவர்கள், சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு இடத்திலும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். சொன்னால் வரக்கூடிய இழப்பும் மெய்யானதே; அதை யாரும் உங்களுக்காகக் குறைத்து மதிப்பிட விடாதீர்கள். சொல்லாமல் இருப்பதால் என்ன செலவாகிறது என்பது உங்கள் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சைகை மொழியில் பேசுபவர்கள் கண்ணாடியின் முன் செய்து பார்க்கலாம். மனத்துக்குள் மிக எளிதாக ஓடிய வாக்கியம் வெளியே வரும்போது தொண்டையில் சிக்கும். அந்தச் சிக்கல் நண்பர் ஒருவரின் முன் நேர்ந்துவிட்டால் அலுவலரின் முன் நேராது.

யாரிடம், எப்போது, எப்படி

முடிவெடுக்கக் கூடியவரிடம் கேளுங்கள். வாயிற்காவலரிடமும் வரவேற்பாளரிடமும் முழுக் கதையையும் சொல்லிக் களைத்துப்போன பிறகு, உரியவரின் முன் போய் நிற்கும்போது நமக்குப் பேசத் தெம்பு இருக்காது. ‘இதைத் தீர்மானிப்பவர் யார்?’ என்பதே வாயிலில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. கேட்கும் நேரமும் முக்கியம். தேர்வு அறைக்குள் நுழையும்போது கூடுதல் நேரம் கேட்பதும், கூட்டம் தொடங்கிய பின் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் பயன்தராது. நல்ல மனம் உள்ளவரால்கூட அந்நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

எழுத்தில் கேட்பது நல்லது. கடிதம் இந்த அளவில் இருக்கலாம்:

‘வரும் திங்கட்கிழமை நடக்கவுள்ள பயிற்சி வகுப்பில் கலந்துகொள்ள இருக்கிறேன். எனக்குக் கேட்கும் திறன் குறைவு; பேசுபவரின் முகத்தைப் பார்த்தே பெரும்பகுதியைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே பேசுபவருக்கு எதிரே முன்வரிசையில் ஓர் இருக்கையும், திரையில் காட்டப்படும் பாடக்குறிப்புகளின் நகல் ஒரு நாள் முன்னதாகவும் கிடைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். காணொளிகள் இருந்தால் அவற்றை எழுத்து வரிகளுடன் காட்ட வேண்டும். இவற்றில் எதற்கேனும் தடை இருந்தால் இந்த வாரம் புதன்கிழமைக்குள் தெரிவியுங்கள். மாற்று ஏற்பாட்டைச் சேர்ந்து யோசிக்கலாம்.’

பேச்சில் கேட்க நேர்ந்தால், அன்று மாலையே ‘இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது’ என்று தொடங்கி இரண்டு வரிகள் அனுப்பிவிடுங்கள். யாரோடு பேசினீர்கள், எந்த நாள், என்ன பதில் என்பனவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். சான்றிதழ்களை ஒளிப்படமாகக் கைபேசியில் வைத்திருங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். இவ்வளவும் சண்டைக்கு ஆயத்தமாவது போலத் தோன்றலாம். பெரும்பாலும் சண்டைக்கே தேவையிராது. அலுவலர் மாறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது என்பதே இதன் அன்றாடப் பயன்.

உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று பொதுச்சபையில் ஏற்கப்பட்டு, 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. அதன் 2ஆம் உறுப்பு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக உரிமைகளைத் துய்ப்பதற்குத் தேவையான, அளவுக்கு மீறிய சுமையைத் தராத மாற்றங்களை ‘நியாயமான வசதி ஏற்பாடு’ என்று அது வரையறுக்கிறது, அதை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சொல்கிறது. அணுகல் வசதி 9ஆம் உறுப்பிலும், கல்வி 24இலும், நலவாழ்வு 25இலும், வேலை 27இலும் பேசப்படுகின்றன. இதையொட்டியோ இதற்கு முன்னரோ பல நாடுகள் தத்தம் சட்டங்களை இயற்றியுள்ளன. அமெரிக்காவின் சட்டம் 1990ஐச் சேர்ந்தது, பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010ஐச் சேர்ந்தது, இந்தியாவின் சட்டம் 2016ஐச் சேர்ந்தது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் வசதி ஏற்பாடு பற்றிய பிரிவையும், முறையிட வேண்டிய அலுவலர் யார் என்பதையும், முறையிடுவதற்கான காலவரம்பையும் மட்டும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். முதற்கோரிக்கையிலேயே சட்டப்பிரிவைச் சுட்டிக்காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. தெரிந்துவைத்திருந்தால் அந்த உறுதி குரலில் தானாக வந்துவிடும்.

உடன் வருபவரும் மருத்துவர் அறையும்

‘இவருக்கு என்ன செய்கிறது?’ என்று மருத்துவர் உங்களுடன் வந்தவரைப் பார்த்துக் கேட்பார். நீங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அன்பின் மிகுதியால் அம்மாவோ கணவரோ அண்ணனோ பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இந்தச் சிறு நிகழ்ச்சியில் வாழ்நாள் முழுவதும் நடப்பது அடங்கியிருக்கிறது. இதை மாற்றுவதற்கான முயற்சி மருத்துவர் அறையில் தொடங்குவதில்லை, புறப்படுவதற்கு முன் வீட்டில் தொடங்குகிறது. ‘கேள்வி உன்னிடம் வந்தால் என்னைப் பார், நான் சொல்கிறேன். எனக்குக் கேட்காமலோ நினைவுக்கு வராமலோ போனால் மட்டும் நீ சொல்’ என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். நீங்கள் அவரைத் தள்ளிவைக்கவில்லை. அவருக்கும் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டவரிடம் கோபப்பட வேண்டியதும் இல்லை. ‘என்னிடமே கேளுங்கள் டாக்டர், பதில் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும்’ என்று ஒருமுறை சொன்னால், பெரும்பாலோர் நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முக்கியமானது முதலாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் நேரம் போதாது. அவர் சொல்லி முடித்ததும், ‘நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள்’ என்று உங்கள் சொற்களிலேயே திரும்பச் சொல்லுங்கள். மருந்தின் அளவிலும் நேரத்திலும் நேரும் பிழைகள் அங்கேயே திருந்திவிடும். எந்தப் புதிய வலியையும் உங்கள் பழைய குறைபாட்டின் கணக்கில் அவர் எழுதிவிடுவதாகத் தோன்றினால், ‘இந்தக் குறைபாடு இல்லாத ஒருவர் இதே வலியுடன் வந்திருந்தால் என்ன சோதனை எழுதியிருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வியின் பயனை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

வாய்ப்பேச்சு இல்லாதவர்களும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் தமக்காகப் பேச முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே கூடித் தொடங்கிய ‘பீப்பிள் பர்ஸ்ட்’ இயக்கம், தமக்காகத் தாமே பேசுதல் என்ற கருத்து உலகெங்கும் பரவுவதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. ‘முதலில் நாங்கள் மனிதர்கள்’ என்பதே அந்தப் பெயரின் பொருள். படப்பலகையைச் சுட்டிப் பேசலாம். குரல் எழுப்பும் செயலியைப் பயன்படுத்தலாம். ஆம், இல்லை என்பவற்றுக்குக் கண்ணிமைப்பை ஒப்புக்கொள்ளலாம். எளிய சொற்களில் விளக்கம் கேட்கலாம். முடிவெடுக்க ஒரு நாள் அவகாசம் கேட்கலாம். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முடிவைத் தாமே எடுக்கலாம். உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் சமமான தகுதியையும், அந்தத் தகுதியைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய துணையையும் சேர்த்தே சொல்கிறது. துணை நிற்பவருக்கு ஒரு சொல்: அவர் தேடிக்கொண்டிருக்கும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள்.

மறுப்பு வரும்போது

நேரடியாக ‘முடியாது’ என்று சொல்பவர்கள் குறைவு. ‘பார்க்கலாம்’ என்பதே மறுப்பின் வழக்கமான முகம். அதற்குக் கோபம் பயன்படாது. நாள் குறிப்பதுதான் பயன்படும். ‘சரி, எந்த நாளில் தெரியவரும்? அன்று நான் யாரைக் கேட்கலாம்?’ என்று கேட்டு, அந்த நாளை அவர் கண்முன்னே எழுதிக்கொள்ளுங்கள். ‘உங்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்’ என்றால், ‘தேவை உள்ளவர்கள் கேட்கட்டும், என்னுடைய தேவை இது’ என்று உங்கள் மூன்று செய்திகளுக்கே திரும்பி வாருங்கள். ‘இதுவரை இங்கே யாரும் கேட்டதில்லை’ என்றால், முன்பு வந்தவர்களும் உங்களைப் போலச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். செலவு மிகுதி என்றால், எவ்வளவு என்று கேளுங்கள். மிகப் பல ஏற்பாடுகளுக்கு, நாற்காலியை இடம் மாற்றுவதற்கும் கோப்பை வேறு வடிவில் அனுப்புவதற்கும், செலவே இல்லை.

உண்மையிலேயே செய்ய முடியாத கோரிக்கையும் இருக்கும். அப்போது கேட்ட ஏற்பாட்டைவிட, அடைய வேண்டிய பயனைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, இரவில் மூச்சுவிட அவருக்குத் தேவைப்பட்ட இரும்பு நுரையீரல் என்னும் பெரிய இயந்திரத்துக்கு மாணவர் விடுதியில் இடமில்லை. வளாகத்து மருத்துவமனையில் ஓர் அறையில் அவர் தங்கிப் படிக்க ஏற்பாடாயிற்று. விடுதி கிடைக்கவில்லை, படிப்பு கிடைத்தது. அவரைத் தொடர்ந்து கடுமையான குறைபாடுள்ள மற்ற மாணவர்களும் அதே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் குழுவின் முயற்சியில் பிறந்ததுதான் 1972இல் பெர்க்லியில் அமைந்த தற்சார்பு வாழ்க்கை மையம்.

மாற்றும் இல்லை, காரணமும் சரியில்லை என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். இது மிக முக்கியம். வாய்மொழி மறுப்பின்மேல் முறையிடுவது கடினம். எழுத்தில் தர வேண்டும் என்றதுமே சில மறுப்புகள் தளர்ந்துவிடுவதும் உண்டு. போலியோவால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஜூடித் ஹ்யூமன், நியூயார்க்கில் ஆசிரியர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறியும், மருத்துவப் பரிசோதனையைக் காரணம் காட்டி உரிமம் மறுக்கப்பட்டார். 1970இல் நீதிமன்றத்துக்குச் சென்று அவர் அதைப் பெற்றார். நடக்க முடியாமையைத் தவிர அவர்கள் காட்டக் கூடிய காரணம் வேறு ஏதும் இல்லாததே அவருடைய வழக்கின் வலிமை.

எல்லாவற்றுக்கும் போராட முடியாது. அதற்கான தெம்பு யாருக்கும் இல்லை. நாள்தோறும் வலியுடன் வாழ்பவருக்கு இன்னும் இல்லை. ஒரு மாதத்தில் ஒரு முறையீட்டை மட்டும் எடுப்பது என்று நான் வைத்திருக்கிறேன். இன்று களைப்பாக இருக்கிறது, இதை விட்டுவிடுகிறேன் என்று நீங்களே தேர்ந்து விடுவது ஒன்று. கேட்கக் கூடாது என்று பயந்து விடுவது வேறொன்று. குறிப்பேட்டில் முதலாவதை மட்டும் ‘விட்டேன்’ என்று எழுதிவைத்தால் போதும்.

இதே வழியில் முன்னால் சென்ற ஒருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். உங்களுக்குள்ள அதே குறைபாடு உள்ளவராக இருந்தால் மிக நன்று. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும் என்பது போன்ற செய்திகளைச் சட்டப் புத்தகம் சொல்லாது, அவர் சொல்வார்.

ஏற்பாடு கிடைத்த பிறகு

ஏற்பாடு கிடைத்த ஒரு மாதத்துக்குப் பின், அது பயன்படுகிறதா என்று பாருங்கள். பயன்படவில்லை என்றால் சொல்லுங்கள். ‘கேட்டு வாங்கியதையே குறை சொல்வதா’ என்ற கூச்சம் வேண்டாம். எங்கள் அலுவலகக் கூட்டங்களில் பேச்சை எழுத்தாக மாற்றிக் காட்டும் செயலியைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அது எழுதுவது யாருக்கும் புரியாத கலவையாகிவிடும் என்பது இரண்டாவது கூட்டத்திலேயே தெரிந்தது. ஒருவர் முடித்த பின் மற்றவர் பேச வேண்டும் என்று மீண்டும் கேட்டேன். மூன்று வாரங்கள் அப்படியே நடந்தது. பிறகு பழையபடி எல்லோரும் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள். யாருக்கும் தீய எண்ணம் இல்லை, மறதிதான். இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் பேசுவது நான். ‘ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள்; தேதியும் எண்ணும் வந்தால் பலகையில் எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டு, சன்னலின் திரையை இழுத்துவிட்டு, பேசுபவரின் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.